நாடு மாறினாலும் வானம் மாறாது!

மாணவச் செல்வங்களே! உங்கள் தெருவிலோ, உறவிலோ வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் யாராவது இருக்கிறார்களா? நிச்சயம் இருப்பார். ஓமலூர், ராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல் என்று நம் பகுதியின் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் சிங்கப்பூரில் ஒரு மாமா, துபாயில் ஒரு சித்தப்பா, அமெரிக்காவில் ஓர் அக்கா இருப்பார்கள். அவர்கள் கிளம்பும்போது பெட்டியில் என்ன இருக்கும்? ஊறுகாய், பருப்புப் பொடி, நாலு புதுச் சட்டை, படித்த சான்றிதழ்கள்.

உலகில் சிலர் இவற்றோடு இன்னொரு பையையும் தோளில் மாட்டிக்கொண்டு விமானம் ஏறுகிறார்கள். எடை சுமார் 10 கிலோ. உள்ளே இருப்பது பாராசூட்!

வாரம் ஐந்து நாள் அலுவலகம். சனி, ஞாயிறு வந்தால் வானத்திலிருந்து குதிப்பது. இதுதான் அவர்கள் வாழ்க்கை. இந்த விளையாட்டுக்கு 'ஸ்கைடைவிங்' என்று பெயர். பிழைப்புக்காக நாடு விட்டு நாடு போனாலும், கற்ற வித்தையை அவர்கள் எப்படிக் கைவிடாமல் காப்பாற்றுகிறார்கள்? வாருங்கள், பார்ப்போம்.

60 மேட்டூர் அணைகளின் உயரம்!

முதலில் இந்த விளையாட்டைப் புரிந்துகொள்வோம். சிறிய விமானம் ஒன்று இவர்களை ஏற்றிக்கொண்டு சுமார் 13,000 அடி உயரத்துக்குப் போகும். இது எவ்வளவு உயரம் தெரியுமா? மேட்டூர் அணையில் தண்ணீர் தேங்கும் அளவு 120 அடி என்று செய்திகளில் படித்திருப்பீர்கள். அணைச் சுவரின் உயரம் 214 அடி. அப்படிப்பட்ட 60 அணைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் எவ்வளவோ, அவ்வளவு உயரம்! நம் ஏற்காட்டைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல்.

அங்கே கதவைத் திறந்து குதிப்பார்கள். குதித்தவுடன் பாராசூட்டை விரிக்க மாட்டார்கள். கை கால்களை அகட்டி, வயிறு கீழே இருக்கும்படி படுத்த நிலையில் விழுவார்கள். முதல் 1,000 அடியைக் கடக்க 10 விநாடி ஆகும். அதன்பின் வேகம் கூடி, ஒவ்வொரு 1,000 அடியையும் ஐந்தே விநாடியில் கடப்பார்கள்.

'வேகம் கூடிக்கொண்டே போகாதா, சார்?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நல்ல கேள்வி! கீழே விழும் பொருளைப் பூமி இழுக்கிறது. காற்று எதிர்த்துத் தள்ளுகிறது. வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பும் கூடும். ஒரு கட்டத்தில் இரண்டும் சமமாகிவிடும். அதற்குமேல் வேகம் கூடாது. இதை 'முற்றுத் திசைவேகம்' என்பார்கள். மனிதருக்கு இது மணிக்கு சுமார் 190 முதல் 200 கிலோமீட்டர் வரை. மேகத்திலிருந்து விழும் மழைத்துளி நம் தலையைத் துளைக்காமல் இருப்பதற்கும் இதே காரணம்தான்.

கையில் கடிகாரம் போல ஒரு கருவி கட்டியிருப்பார்கள். அது நேரம் காட்டாது, உயரம் காட்டும். சுமார் 4,000 அடி வந்ததும் பாராசூட்டை விரிப்பார்கள். அதன்பின் ஐந்தாறு நிமிடம் பறவை போல மிதந்து, குறித்த இடத்தில் கால் பதிப்பார்கள்.

பாராசூட் புதிய பொருள் அல்ல. 1797-ஆம் ஆண்டிலேயே கார்னரின் என்ற பிரெஞ்சுக்காரர் பாரீஸ் நகரில் பலூனிலிருந்து பாராசூட்டில் இறங்கிக் காட்டினார். நம் நாட்டில் 1890-இல் கல்கத்தாவைச் சேர்ந்த ராம்சந்திர சட்டர்ஜி பலூனிலிருந்து பாராசூட்டில் இறங்கி மக்களை வியக்க வைத்தார்.

ரயில்வே வேலையும் வானமும்

வேலை பார்த்துக்கொண்டே இதைத் தொடர முடியுமா? முடியும் என்று காட்டியவர் ரேச்சல் தாமஸ். இந்திய ரயில்வேயில் பணியாற்றியவர். 1979-ஆம் ஆண்டு ஆக்ராவில் முதன்முறையாகக் குதித்தார். பிறகு பல நாடுகளுக்குச் சென்று நூற்றுக்கணக்கான முறை குதித்தார். 2002-இல் வட துருவத்திலும் குதித்தார். 2005-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அவருக்குப் பின் வந்தவர் ஷீத்தல் மகாஜன். மகாராஷ்டிர மாநிலம் புனேயைச் சேர்ந்தவர். 2004 ஏப்ரல் 18 அன்று வட துருவத்தில் ஹெலிகாப்டரிலிருந்து குதித்தார். அப்போது அவருக்கு வயது 21. அதுதான் அவர் வாழ்க்கையின் முதல் குதிப்பு! 2006 டிசம்பரில் தென் துருவப் பகுதியான அண்டார்டிகாவில் 11,600 அடி உயரத்திலிருந்து குதித்தார். 2011-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

2008-இல் அவருக்குத் திருமணம் நடந்தது. எங்கே தெரியுமா? புனேயில், தரையிலிருந்து 750 அடி உயரத்தில், வெப்பக் காற்று பலூனில்! கணவர் பின்லாந்து நாட்டில் வேலை பார்த்த பொறியாளர். பிறந்த வீடு புனேயில், கணவரின் வேலையோ ஐரோப்பாவின் வடகோடியில். பிறகு இரட்டை ஆண் குழந்தைகளும் பிறந்தார்கள். 'இனி எங்கே குதிப்பது?' என்று பலரும் நிறுத்தியிருப்பார்கள். அவர் நிறுத்தவில்லை.

2018 பிப்ரவரியில் தாய்லாந்தின் பட்டாயா நகருக்கு மேலே, மகாராஷ்டிரப் பெண்கள் கட்டும் ஒன்பது கஜப் புடவையில் 13,000 அடியிலிருந்து குதித்தார். புடவை கட்டி, அதன்மேல் பாராசூட்டும், தலைக்கவசமும், கண்ணாடியும் அணிந்திருந்தார். 2023 நவம்பர் 13 அன்று எவரெஸ்ட் சிகரத்துக்கு எதிரே 21,500 அடியில் பறந்த ஹெலிகாப்டரிலிருந்து குதித்தார். இதுவரை 700 தடவைக்கு மேல் குதித்திருக்கிறார். முதல் குதிப்புக்கும் எவரெஸ்ட் குதிப்புக்கும் இடையே 19 ஆண்டுகள். இத்தனை ஆண்டு விடாமல் பழகியதுதான் அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது.

புது ஊரில் முதல் நாள்

சரி, ஒருவர் வேலை மாற்றலாகி வேறு நாட்டுக்குப் போகிறார். அங்குள்ள குதிக்கும் திடலுக்குச் சென்று, 'நான் நன்றாகக் குதிப்பேன்' என்று சொன்னால் விமானத்தில் ஏற்றிவிடுவார்களா? மாட்டார்கள்.

முதலில் உரிமத்தைக் கேட்பார்கள். அமெரிக்காவில் முதல்நிலை உரிமம் பெறவே குறைந்தது 25 முறை குதித்திருக்க வேண்டும். மிக உயர்ந்த உரிமத்துக்கு 500 முறை!

அடுத்துக் கேட்பது பதிவேடு. ஒவ்வொரு குதிப்பும் அதில் எழுதப்பட்டிருக்கும். எந்தத் தேதி, எந்த ஊர், எந்த விமானம், எத்தனை அடி உயரம், எத்தனை விநாடி விழுந்தார், குறித்த இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி இறங்கினார் என்று எல்லாம் இருக்கும். உடன் இருந்தவரின் கையெழுத்தும் இருக்கும். நாட்டுக்கு நாடு செல்லப் பாஸ்போர்ட் போல, வானத்துக்கு இந்தப் பதிவேடு!

பதிவேட்டில் முதலில் பார்ப்பது, கடைசியாகக் குதித்தது எப்போது என்பதைத்தான். அமெரிக்காவில் முதல்நிலை உரிமம் பெற்றவர் 60 நாள் குதிக்காமல் இருந்துவிட்டால், அடுத்த முறை பயிற்சியாளரின் மேற்பார்வையில்தான் குதிக்க வேண்டும். பழக்கம் விட்டுப்போனால் கை தடுமாறும் என்பது அவர்களுக்குத் தெரியும். 'சித்திரமும் கைப்பழக்கம்' என்று நம் முன்னோர் சொன்னது வானத்துக்கும் பொருந்துகிறது, பார்த்தீர்களா?

பிறகு உள்ளூர்ப் பாடம். மின்கம்பி எங்கே போகிறது, ஏரி எங்கே இருக்கிறது, காற்று எந்தப் பக்கம் வீசும் என்று வரைபடத்தில் காட்டுவார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. அமெரிக்காவில் உயரத்தை அடியில் சொல்வார்கள். ஐரோப்பாவின் பல நாடுகளில் மீட்டரில் சொல்வார்கள். 1,000 மீட்டர் என்பது சுமார் 3,280 அடி. இரண்டையும் குழப்பிக்கொண்டால் என்ன ஆகும்? வகுப்பில் 'அலகு எழுத மறக்காதே' என்று ஆசிரியர் சொல்வது மதிப்பெண்ணுக்காக மட்டுமல்ல, செல்லங்களே!

பருவமும் மாறும். பின்லாந்தின் தலைநகர் ஹெல்சின்கியில் டிசம்பர் மாதத்தில் பகல் வெளிச்சம் சுமார் ஆறு மணி நேரம்தான் இருக்கும். ஜூன் மாதத்திலோ சுமார் 19 மணி நேரம் வெளிச்சம்! கோடையில் வேலை முடிந்து மாலையில் போனாலும் குதிக்கலாம். குளிர்காலத்தில் என்ன செய்வது? அதற்குக் 'காற்றுக் குழாய்' என்ற கூடம் இருக்கிறது. கீழேயிருந்து பலத்த காற்று மேல்நோக்கி வீசும். அதன்மேல் மிதந்தபடி உடலைத் திருப்பவும் நிறுத்தவும் பழகலாம். வெளியே பனி கொட்டினாலும் உள்ளே பயிற்சி நடக்கும்.

சேலத்தின் சோகம்

இது நமக்குத் தொலைவான விஷயம் அல்ல. சேலம் விமான நிலையம் ஓமலூருக்கு அருகே காமலாபுரத்தில் இருக்கிறது. அங்கே பாராசூட் பயிற்சி நடந்தது உண்டு. 2014 மார்ச் மாதம் நடந்த ஒரு பயிற்சியில் குதித்த ஓர் இளம்பெண் உயிரிழந்தார். அவருடைய பாராசூட் சரியாக விரியவில்லை.

ஆசையோடு கற்க வந்த ஓர் உயிர். அந்தக் குடும்பத்தின் துயரத்துக்கு நாம் ஆறுதல் சொல்லிவிட முடியாது. ஆனால் இந்த விளையாட்டில் ஒவ்வொரு விதியும் ஏன் இருக்கிறது என்பதை நாம் மறக்காமல் இருக்கலாம்.

குதிப்பவரின் முதுகுப் பையில் ஒன்றல்ல, இரண்டு பாராசூட்டுகள் இருக்கும். முதலாவது விரியாவிட்டால் அதைக் கழற்றிவிட்டு இரண்டாவதை விரிக்க வேண்டும். அமெரிக்காவில் இந்த இரண்டாவது பாராசூட்டைத் தேர்ச்சி பெற்ற ஒருவர் 180 நாளுக்கு ஒரு முறை பிரித்துச் சோதித்து மடித்துக் கட்ட வேண்டும் என்பது சட்டம். ஒரு முறைகூடப் பயன்படாமல் இருந்தாலும் சரி!

மயக்கம் வந்து கை அசைக்க முடியாமல் போனால்? அதற்கும் ஒரு சிறு கருவி இருக்கிறது. தரைக்கு அருகே வந்த பிறகும் ஒருவர் வேகமாக விழுந்துகொண்டிருந்தால், அதுவே இரண்டாவது பாராசூட்டை விரித்துவிடும். ஜெர்மனியைச் சேர்ந்த ஹெல்முட் க்ளோத் உருவாக்கிய இத்தகைய கருவி 1991-இல் விற்பனைக்கு வந்தது. அது பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

2023-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சுமார் 36 லட்சம் குதிப்புகள் நடந்தன. இறந்தவர்கள் 10 பேர். ஒருவர் இறந்தாலும் இழப்புதான். ஆனாலும் இத்தனை லட்சம் முறை குதித்தவர்களைப் பத்திரமாகத் தரையில் சேர்த்தது வெறும் துணிச்சல் அல்ல. ஒவ்வொரு முறையும் கொக்கியை இழுத்துப் பார்ப்பது, பட்டையைச் சரிபார்ப்பது, பக்கத்தில் இருப்பவரிடம், 'என் பையை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்' என்று கேட்பது, காற்று பலமாக இருந்தால், 'இன்று வேண்டாம்' என்று கீழேயே இருந்துவிடுவது... இவைதான் காரணம்.

500 முறை குதித்தவரும் 501-ஆவது முறை அதே சோதனைகளை முதலிலிருந்து செய்கிறார். 'எனக்குத் தெரியாததா?' என்று அவர் சொல்வதில்லை.

உங்களுக்கு ஒரு வேலை!

மொட்டை மாடியில் குடையைப் பிடித்துக்கொண்டு குதிக்கலாம் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள்! குடை ஒருநாளும் பாராசூட் ஆகாது. கால் உடையும், உயிருக்கே ஆபத்தாகும். பெரும்பாலான இடங்களில் 18 வயது ஆனவர்களைத்தான் ஸ்கைடைவிங் பயிற்சியில் சேர்ப்பார்கள். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

ஆனால் இவர்களிடமிருந்து இன்றே எடுத்துக்கொள்ளக்கூடிய ஒன்று உண்டு. நீங்கள் சிலம்பம் கற்கலாம். நீச்சல், நாதஸ்வரம், ஓவியம், சதுரங்கம் கற்கலாம். நாளை படிப்புக்காகச் சென்னைக்கோ, வேலைக்காகச் சிங்கப்பூருக்கோ போகலாம். 'அங்கே வசதி இல்லை, நேரம் இல்லை' என்று சொல்லி அந்த வித்தையை மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டுவிடாதீர்கள். வித்தைக்கு எடை இல்லை. அதற்கு விமானத்தில் தனிக் கட்டணமும் இல்லை!

ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் உங்கள் பெயரையும் உங்கள் வித்தையின் பெயரையும் எழுதுங்கள். பயிற்சி செய்யும் ஒவ்வொரு நாளும் தேதி, இடம், எவ்வளவு நேரம், எங்கே தவறு வந்தது என்று நாலு வரி எழுதுங்கள். பக்கத்தில் அம்மாவிடமோ, அப்பாவிடமோ, ஆசிரியரிடமோ கையெழுத்து வாங்குங்கள். இரண்டு மாதம் ஒரு வரிகூட எழுதாமல் விட்டிருந்தால், மறுபடி முதல் பாடத்திலிருந்து நிதானமாகத் தொடங்குங்கள்.

என்ன செல்லங்களே, நோட்டு வாங்கக் கிளம்பிவிட்டீர்களா?