ஒரு டெலிபோன், இரண்டு லைன்!

அமெரிக்காவில் பலர் வீட்டிலேயே ஆபீஸ் நடத்துகிறார்கள். அவர்களுக்கு ஒரு லைன் போதாது. மகள் தோழியோடு பேசும்போது வாடிக்கைக்காரர் கூப்பிட்டால்? ஆர்டர் அடுத்த கடைக்குப் போய்விடும்!

இதற்குத்தான் இரண்டு லைன் டெலிபோன். ஒவ்வொரு லைனுக்கும் தனி நம்பர்.

கம்பியைப் பாருங்கள்

இதற்கு 4 கம்பிகள் வேண்டும். நடுவில் உள்ள 2 கம்பிகள் முதல் லைன். ஓரத்தில் உள்ள 2 கம்பிகள் இரண்டாவது லைன். ஓரக் கம்பிகளை இணைக்காவிட்டால் இரண்டாவது லைன் ஊமைதான்!

பேசிப் பாருங்கள்

ரிசீவரை எடுக்காமலே பேச ஸ்பீக்கர் உண்டு. வாங்கும் முன் இருவர் ஒரே நேரத்தில் பேசிப் பாருங்கள். ஒருவர் குரல் வெட்டுப்பட்டால் அந்த போன் வேண்டாம்.

கரண்ட் போனால்?

ஸ்பீக்கர் போன் பெரும்பாலும் வீட்டு மின்சாரத்தில் இயங்கும். கரண்ட் போனால் ஸ்பீக்கரும் போச்சு! செம்புக் கம்பி லைன் உள்ள வீட்டில் சாதாரண போன் ஒன்றும் இருக்கட்டும். எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் சுமார் 48 வோல்ட் மின்சாரமே அதற்குப் போதும். நடு இரவில் ஆபத்து என்றால், 911-ஐ அழைக்க அதுதான் கை கொடுக்கும்!