வாழைநார் தறி ஏறுகிறது. நம் பெயர் ஏறுமா?

தார் வெட்டிய பிறகு தோப்பில் கிடக்கும் வாழைமட்டையை என்ன செய்வோம்? மாட்டுக்குப் போடுவோம், இல்லையென்றால் வரப்போரம் அழுக விடுவோம். அந்த மட்டையிலிருந்து நார் உரித்துச் சேலை நெய்கிறார்கள் அனகாபுத்தூர் நெசவாளர்கள். பல்லாவரத்தை அடுத்து, நம் செங்கல்பட்டு மாவட்டத்தின் வடகோடியில் இருக்கிறது அந்த ஊர். கருங்குழியில் ரயில் ஏறினால் ஒரே பகலில் பார்த்துத் திரும்பலாம்.

அனகாபுத்தூரில் முன்பு நெய்தது 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்சீப்' என்ற கட்டம்போட்ட பருத்தித் துணி. நைஜீரியாவில் கலாபாரி மக்களுக்குக் கல்யாணம், சாவு இரண்டுக்கும் அந்தத் துணி வேண்டும். இந்த வணிகத்துக்கு ஒரு கொடிய முன்கதையும் உண்டு. நம் கடற்கரையிலிருந்து போன துணிகளைக் கொடுத்து ஆப்பிரிக்காவில் மனிதர்களை அடிமைகளாக வாங்கினார்கள் ஐரோப்பிய வணிகர்கள். அப்படிக் கரீபியன் தீவுகளுக்குக் கொண்டுபோகப்பட்ட பெண்கள் தலையில் கட்டிக்கொண்டதும் இந்தக் கட்டம்போட்ட துணிதான். செயின்ட் லூசியா, டொமினிக்கா தீவுகளின் தேசிய உடையில் இன்றும் 'மெட்ராஸ்' என்ற பெயரிலேயே அது இருக்கிறது.

நைஜீரிய ஏற்றுமதி சரிந்ததும் அனகாபுத்தூர் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. அப்போது சணல், வாழை, அன்னாசி, கற்றாழை என்று செடி நார்களைத் தறியில் ஏற்றிப் பார்த்தவர் நெசவாளர் சி. சேகர். அனகாபுத்தூர் சணல் நெசவாளர் சங்கத்தின் தலைவரான அவரும் குழுவினரும் 25 வகை இயற்கை நார்களைக் கொண்டு ஒரே சேலையை நெய்து லிம்கா சாதனைப் புத்தகத்தில் இடம்பிடித்தார்கள்.

வேலை எளிதல்ல. மட்டையைப் பலகையில் வைத்து, மழுங்கிய தகட்டால் சதையை வழித்தெடுக்க வேண்டும். மிஞ்சும் நாரை அலசி உலர்த்தி, இழை இழையாகப் பிரித்து, முனையோடு முனை முடிச்சிட்டால்தான் நீள நூல் கிடைக்கும். பருத்தியைப் போல இழுவை தாங்காது என்பதால் பெரும்பாலும் பாவுக்குப் பருத்தி நூலையும் ஊடைக்கு நாரையும் வைக்கிறார்கள்.

இதற்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தறி நமக்கு அந்நியம் அல்ல. தமிழ்நாட்டுப் பட்டியல் சாதிகளில் ஒன்றான கோலியர் நெசவுக் குடியினர். பறையரிலிருந்து பிரிந்த நெசவாளர்கள் என்றே 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கை அவர்களைச் சொல்கிறது. மயிலாப்பூரில் தறி நெய்தவர் என்று மரபுக் கதை சொல்லும் திருவள்ளுவரை நம்மவர் என்று வாதிட்டவர் அயோத்திதாசப் பண்டிதர்.

ஆனால் தறியிலிருந்து நம்மைத் தள்ளிவைத்த வரலாறும் இருக்கிறது. பம்பாய் பஞ்சாலைகளில் கூலி அதிகம் கிடைத்தது நெசவுப் பிரிவில். அங்கே தலித் தொழிலாளருக்கு இடமில்லை. அறுந்த நூலை வாயில் வைத்து ஈரப்படுத்தி இணைக்க வேண்டும், அவர்கள் வாய் பட்ட நூலைத் தொட்டால் தீட்டு என்றார்கள் சாதி இந்துத் தொழிலாளர்கள். 1928 வேலைநிறுத்தத்தின்போது இந்த அநீதியைத் தொழிற்சங்கத் தலைவர்கள் முன் எழுப்பினார் அண்ணல் அம்பேத்கர். கூலி உயர்வு கேட்ட சங்கம், பக்கத்தில் நின்றவனுக்குத் தறி மறுக்கப்பட்டதைப் பேசாமல் இருந்தது என்பதே அவர் வைத்த குற்றச்சாட்டு.

இன்று அதே நார், அதே முடிச்சு கலைக்கூடம் ஏறுகிறது. சணல் வகைக் கயிற்றைக் கையால் முடிச்சிட்டே பெரும் சிற்பங்கள் செய்த மிருணாளினி முகர்ஜியின் படைப்புகள் 2019இல் நியூயார்க்கில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்றொரு சிற்றூர். பருத்தித் தோட்ட அடிமைகளின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் குளிருக்குப் போர்த்த, பழந்துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த போர்வைகளை 2002இல் பெரிய அருங்காட்சியகங்கள் சுவரில் மாட்டின. 2006இல் அஞ்சல்தலையிலும் அவை வந்தன. புகழ் வந்த பின், பணம் யாருக்குப் போகிறது என்று கேட்டு அந்தப் பெண்களில் சிலர் 2007இல் நீதிமன்றம் போனார்கள். தைத்தவள் பெயர் தெரிந்திருந்ததால்தான் அந்தக் கேள்வியையே கேட்க முடிந்தது.

நாமும் அதை இப்போதே கேட்க வேண்டும். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் நம் மக்களின் நிலமற்ற நிலையை அரசுக்கு எழுதினார். பஞ்சமி நிலம் அதன் தொடர்ச்சியாக வந்தது. அந்த நிலத்தில் பெரும்பகுதி கைமாறிவிட்டது. தோப்பு இன்னொருவருடையது, நம் பெண்களுக்குக் கூலி வேலை மட்டும் என்ற பழைய ஏற்பாடு நார்த் தொழிலிலும் வந்துவிடக் கூடாது. நார் உரிப்பதோடு நிற்காமல் சாயம், நெசவு, வடிவமைப்பு, விற்பனை வரை நம் கை போக வேண்டும். துணியில் ஒட்டும் சீட்டில் கடையின் பெயரோடு நெய்தவர் பெயரும் இருக்க வேண்டும்.

வழிகள் உண்டு. கைத்தறித் தொழில்நுட்பப் பட்டயம் படிக்க சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. துணி வடிவமைப்பு படிக்க எழும்பூர் கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. சொந்தமாகத் தொழில் தொடங்க தாட்கோவின் சி.எம். அரைஸ் திட்டத்தில் 35 சதவீத மானியம் உண்டு. மகளிர் குழுக்கள் சேர்ந்து தாட்கோ மாவட்ட அலுவலகத்தில் விசாரிக்கலாம். பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகள் பொறியியல், நர்சிங் பட்டியலோடு இந்த இரண்டு கல்லூரிகளின் பெயரையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.