இரவிற் பல்வலி

பகலெல்லாம் பொறுக்கத்தக்கதாய் இருந்த பல்வலி, இரவிற் படுக்கைக்குச் சென்றதும் தாங்கொணாததாய் மிகுதல் பலரும் அறிந்ததே. அதற்குரிய காரணம் பல்லின் அமைப்பிலேயே உளது.

பல்லின் வெளியே மிளிரி என்னும் கடினமான உறையும், அதனுள் என்பையொத்த சுவரும், நடுவே குருதிக்குழாய்களும் நரம்புகளும் செறிந்த மென்மையான பற்கூழும் உள்ளன. சூத்தை ஆழ்ந்து பற்கூழை அணுகுங்கால் அஃது அழற்சியுற்று வீங்க முயல்கின்றது. பிற உறுப்புக்கள் வீங்கின் தோல் நெகிழ்ந்து இடங்கொடுக்கும். பற்கூழைச் சூழ்ந்த சுவரோ இம்மியும் விலகாது. ஆதலின் உள்ளே அழுத்தம் மிகுந்து நரம்பினை வருத்துகின்றது. நாம் படுத்தவுடன் தலையிற் குருதியழுத்தம் உயர்வதால் அவ்வருத்தம் இரட்டிக்கின்றது.

இதனை உணர்ந்தார்க்கு முதற் பரிகாரம் எளிதிற் புலனாகும். தலையணை இரண்டினை அடுக்கித் தலையை உயர்த்திப் படுத்தல் வேண்டும். அரைத் தேக்கரண்டி உப்பினை ஒரு குவளை இளஞ்சூட்டு நீரிற் கரைத்துக் கொப்பளித்தால் பல்லிடையிற் சிக்கிய உணவு நீங்கும். துணியிற் சுற்றிய பனிக்கட்டியைக் கன்னத்தின் வெளிப்புறத்தே சிறிது நேரம் வைத்தலும் நன்று. கராம்பிலுள்ள இயூஜினோல் என்னும் பொருள் நரம்பினைச் சற்றே மரக்கச் செய்யும். ஆயினும் கராம்பெண்ணெய் மிகின் முரசு புண்படும்.

ஈரல் நோயில்லாத வளர்ந்தோர் 500 மில்லிகிராம் பரசிற்றமோல் மாத்திரை இரண்டினை ஆறு மணிநேரத்துக்கு ஒருமுறை உட்கொள்ளலாம். 24 மணிநேரத்தில் எட்டுக்கு மேற்படலாகாது. அஸ்பிரினை முரசில் வைத்து அடக்கும் வழக்கம் தீது. வலியைத் தூண்டும் புரொஸ்டாகிளாண்டின்கள் உடலில் உண்டாவதை அஸ்பிரின் தடுக்கின்றது என்பதை 1971 இல் ஜோன் வேன் விளக்கினார். அத்தொழிலை அது குருதியிற் கலந்தே செய்யும். முரசில் வைத்தாலோ அவ்விடத்தை எரித்துவிடும். காய்ச்சலும் உடனிருப்பின், டெங்கு பரவும் நம் நாட்டில், அஸ்பிரினையும் இபுபுரோபனையும் வைத்தியரைக் கேளாது உட்கொள்ளலாகாது.

சில நாள் வருத்திய வலி ஒருநாள் தானே அடங்கிவிடுதலும் உண்டு. நோய் நீங்கிற்றென்று பலர் மகிழ்ந்து வாளாவிருப்பர். உண்மையிற் பற்கூழ் இறந்தமையாலேயே பெரும்பாலும் வலி அடங்குகின்றது. கிருமிகள் வேர்நுனி வழியே தாடையென்பை அடைந்து சீழ் கட்டத் தொடங்கும். முகம் வீங்குதல், காய்ச்சல், வாய்திறக்க இயலாமை, விழுங்கவோ மூச்சுவிடவோ இடர்ப்படுதல் என்பன தோன்றின் விடியலை எதிர்பாராது அவ்விரவே வைத்தியசாலைக்குச் செல்க.

ஏனையோரும் மறுநாளே பல்வைத்தியரை நாடுதல் கடன். வேர்ச்சிகிச்சையாற் காக்கத்தக்க பற்கள் பல, வலி அடங்கிற்றென்ற நம்பிக்கையினாலேயே இழக்கப்படுகின்றன.