டைட்டானிக்கை அறிந்தோம், ரஜூலாவை அறிந்தோமா?

அண்மையில் பழைய பயணக் கப்பல்களைப் பற்றிக் கலந்துரையாடல் ஒன்றை நடத்தினேன். "உங்களுக்குத் தெரிந்த கப்பலின் பெயரைச் சொல்லுங்கள்" என்று அரங்கில் கேட்டதும், இளையோர் வரிசையிலிருந்து ஒரே குரலில் 'டைட்டானிக்' என்று பதில் வந்தது. பின்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் கையைத் தூக்கி, "ஏம்மா, நான் வந்த கப்பலை ஒருத்தரும் சொல்லலையே, ரஜூலா!" என்றார். அரங்கமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பாட்டியும் 1951-இல் அந்தக் கப்பலில் வந்தவர்தான். ஆனால் நான் தயாரித்து வைத்திருந்த குறிப்புகளில் அந்தப் பெயர் இல்லை.

முதலில் ஒரு விளக்கம். இன்று விடுமுறைக்கு நாம் ஏறும் உல்லாசக் கப்பல் வேறு, அன்றைய லைனர் வேறு. உல்லாசக் கப்பல் பெரும்பாலும் புறப்பட்ட துறைமுகத்துக்கே திரும்பி வரும். சுற்றிக் காட்டுவதே அதன் வேலை. லைனர் என்பது விரைவுப் பேருந்து மாதிரி. குறிப்பிட்ட தடம், குறிப்பிட்ட நாள், ஆள் நிறையாவிட்டாலும் கிளம்பியாக வேண்டும். நியூயார்க்கிலிருந்து லிவர்பூலுக்கு 1818-இல் பாய்மரக் கப்பல்களை விட்ட பிளாக் பால் நிறுவனம் தொடங்கி வைத்த வழக்கம் அது.

லைனர் என்றதும் சரவிளக்கும் நடனக் கூடமும் நம் கண்முன் வருவது சினிமா செய்த வேலை. அந்தக் கப்பல்களுக்குச் சோறு போட்டவர்களில் பெரும்பகுதியினர் கீழ்த்தளத்தில் வந்த ஏழைகள். ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறப் போனவர்கள். 1921-லும் 1924-லும் அமெரிக்கா குடியேற்றத்துக்கு உச்சவரம்பு விதித்ததும் கீழ்த்தளங்கள் காலியாயின. நிறுவனங்கள் அந்த இடத்தைச் சீர்படுத்தி, மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் சுற்றுலா வகுப்பு என்று விற்றன. விமானம்தான் கப்பலை ஒழித்தது என்கிறோம். ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கில் பயணச் சேவையைத் தொடங்கியதே 1958-இல்தான். முதல் அடி குடிநுழைவுச் சட்டத்திடமிருந்து விழுந்தது.

நம் கடலிலும் இதே கதைதான். ரஜூலா 1926-இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் நிறுவனத்துக்குச் சொந்தமானது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் எனப்பட்ட கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்பது அதன் தடம். டைட்டானிக் 46,000 டன், ரஜூலா ஏறக்குறைய 8,500 டன்தான். ஆனால் டைட்டானிக்கில் ஊழியர்களையும் சேர்த்துச் சுமார் 2,200 பேர் இருந்தார்கள். ரஜூலாவுக்கோ தொடக்கத்தில் 5,000-க்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அனுமதி இருந்தது!

இடம் எப்படிப் போதும் என்கிறீர்களா? டெக் பயணிக்கு அறை கிடையாது, கட்டில் கிடையாது. பாய் விரித்த இடம் அவருடையது. ஏறியதும் முதல் வேலை டிரங்குப் பெட்டியை வைத்து இடம் பிடிப்பதுதான் என்று பாட்டி சொல்வார். பக்கத்துப் பாய்க்காரர் அந்தப் பயணம் முழுவதும் உறவுக்காரர். கரை தெரிந்தவுடன் ஊருக்குள் போய்விடவும் முடியாது. டெக் பயணிகளைப் பினாங்குக்கு அருகே ஜெரெஜாக் தீவிலும், சிங்கப்பூரில் செயின்ட் ஜான்ஸ் தீவிலும் தனிமை முகாம்களில் வைத்திருந்த காலம் அது. மேல் வகுப்பில் வந்தவர்களுக்குப் பெரும்பாலும் அந்தக் கட்டாயம் இல்லை. கிருமி டிக்கெட் பார்த்துத் தொற்றும் என்று நினைத்தார்கள் போலும்.

இரண்டாம் உலகப் போரில் இதன் உடன்பிறந்த கப்பலான ரோனா படைவீரர்களை ஏற்றிச் சென்றது. 1943 நவம்பர் 26-இல் அல்ஜீரியக் கடலோரத்தில் ஜெர்மானியர் வானொலி அலையால் வழிநடத்திய குண்டு அதைத் தாக்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்களும், அவர்களோடு இந்தியக் கப்பல் ஊழியர்களும் மாண்டனர். நெடுங்காலம் அதன் விவரம் வெளியே வரவில்லை.

ரஜூலா போரைத் தாண்டிப் பிழைத்தது. ஆனால் பயணிகளின் வரத்து மாறிவிட்டது. 1938-இலேயே இந்திய அரசு, உதவித் தொகையில் தொழிலாளர்களை இங்கு அனுப்புவதைத் தடை செய்திருந்தது. 1953-இல் மலாயாவில் கடுமையான குடிநுழைவுச் சட்டம் நடப்புக்கு வந்தது. அதன்பின் ஊர் பார்க்கப் போவோரும் திரும்புவோருமே அதிகம். 1973-இல் இந்தியக் கப்பல் கழகத்துக்கு விற்கப்பட்டு, 'ரங்கத்' என்று பெயர் மாறி, மறு ஆண்டே உடைக்கப்பட்டது. அதன் தடத்தில் வந்த 'சிதம்பரம்' முன்பு தென்னமெரிக்காவுக்கு ஓடிய பிரெஞ்சுக் கப்பல். 1980-களின் நடுவில் உயிர்ப்பலி வாங்கிய தீவிபத்தோடு அதன் சேவையும் முடிந்தது. குவீன் மேரி 1967 முதல் கலிபோர்னியாவில் நிற்கிறது, ஏறிப் பார்க்கலாம். ரஜூலாவின் டெக்கை யாரும் இனி மிதிக்க முடியாது.

நிகழ்ச்சி முடிந்ததும் அந்தப் பெரியவரிடம் போய், டெக்கில் எந்த இடம் கிடைத்தது என்று கேட்டேன். "புகைபோக்கிக்குப் பக்கத்துலம்மா, ராத்திரி குளிராது" என்றார்.