செகண்ட் ஹேண்ட் தாத்தா!

உங்க பேக்ல என்னெல்லாம் இருக்கு பாஸ்? லேப்டாப், பவர் பேங்க், கிழிஞ்சுபோன ரெக்கார்டு நோட்டு... போன செமஸ்டர் வரைக்கும் என் பேக்ல எக்ஸ்ட்ராவா ஒரு தாத்தா இருந்தார். சாம்பல் கலர் உடம்பு, ஆறு இன்ச் முகம், மைக்ரோ யு.எஸ்.பி. வாய். ரிச்சி ஸ்ட்ரீட்ல 1,500 ரூபாய்க்குப் பேரம் பேசி தத்தெடுத்த பழைய இ-ரீடர்தான் அவர்!

எதுக்கு வாங்கினேன் தெரியுமா? மேத்ஸ் அரியருக்கு! போனைத் திறந்தா படிப்பைத் தவிர எல்லாம் ஓடுது. 'இதுலதான் ரீல்ஸ் வராதே, படிச்சுக் கிழிச்சுடலாம்'னு மாஸ்டர் பிளான். முதல் நாளே பல்பு! ஏ4 சைஸ் பி.டி.எஃப். போட்டா, எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வலம். பெருசாக்கினா, ஃபார்முலாவோட தலை ஒரு பக்கம், வால் இன்னொரு பக்கம். கடைசியில ஜெராக்ஸ் நோட்ஸ்தான் காப்பாத்துச்சு.

ஆனாலும் தாத்தாவைத் தூக்கிப்போட மனசு வரலை. காரணம், அவரோட ஸ்க்ரீன். தலைமுடி கனத்துல குட்டிக் குட்டிக் குமிழ்கள். ஒவ்வொண்ணுக்குள்ளும் எதிரெதிர் மின்னூட்டம் உள்ள கறுப்பு, வெள்ளைத் துகள்கள். மின்புலத்தை மாத்தினா எது மேலே வருதோ, அந்தக் கலர் தெரியும். பக்கம் மாறும்போது மட்டும்தான் ஸ்க்ரீனுக்கு கரன்ட் வேணும். 1997-ல் எம்.ஐ.டி. மீடியா லேப்ல இருந்து கிளம்பின 'இ இங்க்' கம்பெனியோட வித்தை இது. அதனாலதான் பேட்டரி தேய்ஞ்ச நிலையிலயும் தாத்தா ஒரு வாரம் தாங்கறார். ஆனா, உள்ளே லைட் கிடையாது. ரூம்ல லைட்டை அணைச்சா, நான் காரிடர் ட்யூப்லைட் அடியில தஞ்சம்!

லீவுக்கு ஊருக்குப் போனப்பதான் கதையே மாறுச்சு. எங்க அம்மா ஒரு காலத்துல லைப்ரரியே கதின்னு இருந்தவங்க. வெள்ளெழுத்து வந்ததுல இருந்து புத்தகத்தைத் தொடறதே இல்லை. "கண்ணு வலிக்குதுடா"ன்னு முடிச்சுடுவாங்க. "எழுத்தைப் பெருசாக்கித் தர்றேம்மா"ன்னு வாக்கு கொடுத்துட்டேன்.

'பொன்னியின் செல்வன்' கிடைக்கிறது ஈஸி. கல்கியோட படைப்புகளை 1999-ல் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிடுச்சு. தன்னார்வலர்கள் நடத்துற 'மதுரைத் திட்டம்' அதை இலவசமாவே தருது. ஆசையா ஏத்தினா... தாத்தாவுக்குத் தமிழ் தெரியலை! 'கொ'வுல கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். "பரவாயில்லைடா, விடு"ன்னு அம்மா எழுந்து போனாங்க பாருங்க... அரியர் ரிசல்ட் வந்தப்பகூட எனக்கு அப்படி வலிக்கலை.

ராத்திரி உட்கார்ந்தேன். லிப்ரே ஆபீஸ்ல பக்கத்தோட அளவை 9-க்கு 12 சென்டிமீட்டர் ஆக்கி, எழுத்தை 16-ல் வெச்சு, பி.டி.எஃப். ஆக்கினேன். பி.டி.எஃப்-க்குள்ளேயே ஃபான்ட்டும் சேர்ந்து போயிடும். ரீடருக்குத் தமிழ் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. என்னைக் கவுத்த அதே பி.டி.எஃப்தான் கை கொடுத்துச்சு!

நீங்களும் பழசு வாங்கப் போறீங்களா? பழைய ஓனர் தன்னோட அக்கவுன்ட்டை எடுத்துட்டாரான்னு பாருங்க. பத்து, இருபது பக்கம் புரட்டி, ஸ்க்ரீன்ல கோடு விழுதான்னு செக் பண்ணுங்க. கடையிலேயே கேபிள் போட்டு ஒரு ஃபைல் ஏத்திப் பாருங்க. கிண்டில் புத்தகங்களை கம்ப்யூட்டர்ல இறக்கி யு.எஸ்.பி. வழியா ஏத்துற வசதியை 2025 பிப்ரவரி 26-ல் அமேசான் நிறுத்திடுச்சு. ஆனா, நம்ம சொந்த ஃபைலைக் கேபிள்ல ஏத்தலாம். ஃபார்மட் மாத்த 'காலிபர்' இருக்கு. சோனி ரீடர் லினக்ஸ்ல வேலை செய்யலைன்னு, கோவித் கோயல்ங்கிற இந்தியர் 2006-ல் ஆரம்பிச்ச இலவச சாஃப்ட்வேர் அது.

தாத்தா இப்போ எங்க வீட்டு ஜன்னலோரம் செட்டில் ஆகிட்டார். ஞாயித்துக்கிழமை போன் பண்ணினா, 'சாப்பிட்டியா'ன்னு கேட்கிற அம்மா, போன வாரம் என்ன சொன்னாங்க தெரியுமா?

"பூங்குழலி படகு ஓட்டிக்கிட்டு இருக்காடா... அப்புறம் பேசு!"