கடனில்லாத ஒரு நத்தார் மேசை

"மிஸ், எங்கட வீட்டில மேசையே இல்லை. பிறகென்ன மேசை அலங்காரம்?"

2018ஆம் ஆண்டு மார்கழி மாதம். முல்லைத்தீவுக் கரையோரக் கிராமமொன்றில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டம். ஒரு அக்கா இப்படிக் கேட்டதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அப்போது நான் இந்த வேலையில் சேர்ந்த புதிது. நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பகிடிக்குப் பின்னால் ஒரு கவலை இருந்தது.

முதல் வருட நத்தாருக்கு உடுப்பு, கேக், அலங்காரம் என்று அவர் நுண்கடன் எடுத்திருந்தார். ஒரே இரவில் முடிந்துபோன கொண்டாட்டத்துக்காக ஒரு வருடமாகக் கிழமைக்குக் கிழமை தவணை கட்டிக்கொண்டிருந்தார். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே "அம்மா வீட்டில இல்லை" என்று சொல்லப் பிள்ளைகள் பழகிவிட்டார்களாம்.

சகோதரிகளே, தனியே குடும்பத்தைத் தாங்கும் பெண்களுக்குப் பண்டிகை ஒரு சோதனைதான். கொண்டாடாவிட்டால் பிள்ளைகள் ஏங்குவார்கள். கொண்டாடினால் கடன். கொஞ்சம் அழகாகக் கொண்டாடிவிட்டாலோ, "அவளுக்கென்ன குறை" என்ற ஊர்ப்பேச்சு. அதற்காகப் பண்டிகையே வேண்டாமென்று விடுவதும் தீர்வல்ல. மனிதர் ஒன்றுகூடிச் செய்யும் சடங்குகள் அவர்களிடையேயான பிணைப்பைப் புதுப்பிக்கின்றன என்று சமூகவியலாளர் எமில் டுர்கைம் எழுதியிருப்பதைப் பரீட்சைக்காகப் படித்திருந்தேன். அதன் பொருளை இந்தப் பெண்களிடம்தான் கற்றுக்கொண்டேன்.

அன்று எல்லோருமாக ஒரு தீர்மானம் எடுத்தோம். அலங்காரத்துக்கு ஒரு வீட்டில் 500 ரூபாவுக்கு மேல் செலவழிப்பதில்லை. காசு கொடுத்து வாங்குவது மெழுகுதிரி, நூல், வர்ணத்தாள் மட்டுமே. மற்றதெல்லாம் வளவிலும் கடற்கரையிலும் கிடைக்கவேண்டும்.

மேசையும் விரிப்பும்

வெறும் மீன் பெட்டிகளைக் கவிழ்த்து, மேலே ஒரு பலகையைப் போட்டோம். மேசை தயார். பெட்டியைத் தேசிக்காய்த் தோலால் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்தால் வெடுக்கு குறையும். விரிப்புக்குப் பழைய பருத்திச் சீலை போதும். கிழிந்த பக்கத்தை உள்ளே மடித்து, கரை முன்னால் தொங்கும்படி விரித்தால் பார்வையாக இருக்கும். பலகையும் இல்லாதவர்கள் நிலத்தில் பாயை விரித்து, அதன் நடுவே சீலையை நீளமாக மடித்துப் போட்டார்கள். அதுவும் மேசைதான்.

பூவும் ஓலையும்

மார்கழி மாரிகாலம். வேலியெல்லாம் பச்சை. செவ்வரத்தை அழகானது, ஆனால் பின்னேரமே சுருங்கிவிடும்; இரவுச் சாப்பாட்டுக்கு உதவாது. காகிதப்பூவும் குரோட்டன் இலையும் அதைவிட நின்றுபிடிக்கும். வெட்டியவுடன் தண்ணீர் வாளியில் சில மணிநேரம் நிற்கவிட்டுப் பிறகு ஜாம் போத்தலில் வையுங்கள். தண்ணீருக்குள் அமிழும் இலைகளை உருவிவிட்டால் அழுகி மணக்காது. உயரமாக அடுக்க வேண்டாம். முன்னால் இருப்பவரின் முகம் தெரியவேண்டும்.

குருத்தை அளவுக்கு மிஞ்சி வெட்டினால் தென்னை பாதிக்கப்படும். ஆதலால் ஒரு வளவில் வெட்டிய குருத்தோலையைப் பல வீடுகள் பகிர்ந்துகொண்டன. குருத்தோலை ஞாயிறுக்குச் சிலுவை மடித்துப் பழகிய கைகளுக்கு நட்சத்திரம் மடிப்பது பெரிய வேலையல்ல. பிள்ளைகள் கரையில் பொறுக்கிவந்த சிப்பிகளும் சோகிகளும் மேசையின் நடுவுக்கு வந்தன.

வெளிச்சம்

பாதிச் சிரட்டையில் கடல்மணலை நிரப்பி, அதில் மெழுகுதிரியை நடுங்கள். சிரட்டை ஆடாமலிருக்க அதையும் மணல் நிரப்பிய ஒரு தட்டில் இருத்துங்கள். ஓலைக்கும் கடதாசிக்கும் கிட்ட வைக்கவேண்டாம். திரி எரியும் வரை பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருப்பது அவசியம்.

நான்காவது கோப்பை

24ஆம் திகதி பின்னேரம் அந்த அக்காவின் வீட்டுக்குப் போனேன். பலகை மேசையில் நான்கு கோப்பைகள் இருந்தன. வீட்டில் தாயும் இரண்டு பிள்ளைகளுமாக மூன்று பேர். நான்காவது, 2009ஆம் ஆண்டு வைகாசியோடு காணாமற்போன கணவருடையது.

"அக்கா, பிள்ளைகள் பார்த்து ஏங்கமாட்டினமே? எடுத்து வைப்பமா?" என்று கேட்டேன். படித்தவள் என்ற நினைப்பில் கேட்ட கேள்வி அது.

அக்கா பேசவில்லை. பதினொரு வயது மகள்தான் சொன்னாள்: "மிஸ், அது அப்பாட கோப்பை. எடுத்தா, அவர் வரமாட்டார் எண்டு நாங்களே சொல்லுற மாதிரி."

"இரவுக்கு வந்தால் சாப்பிடுவார். வராட்டி விடியப் பக்கத்து வீட்டு அப்புவுக்குக் குடுப்பம்" என்றார் அக்கா.

ஒரு வீட்டின் மேசையில் யாருக்கு இடம் என்பதை அந்த வீட்டார்தான் தீர்மானிக்கவேண்டும். வெளியிலிருந்து வரும் என்னைப் போன்றவர்கள் அல்ல. இதைப் பதினொரு வயதுப் பிள்ளையிடம் கற்றேன்.

புறப்படும்போது பெட்டியில் மிஞ்சிய மெழுகுதிரிகளை அக்கா தாளில் சுற்றி எடுத்து வைத்தார். அவை 26ஆம் திகதிக்கு. 2004இல் ஆழிப்பேரலை கொண்டுபோன தாய்க்கும் தங்கைக்கும் காலை 9.25 மணிக்கு ஏற்றுவதற்காக. எமது கரையில் நத்தார் மேசைக்கும் நினைவு நாளுக்கும் இடையில் ஒரு நாள்தான் இருக்கிறது.

2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் 500 ரூபாவுக்கு முன்போல் பெறுமதி இல்லை. தொகை கூடினாலும் வாங்கும் பொருட்களின் பட்டியல் கூடவில்லை. அந்த அக்கா அதன்பின் பண்டிகைக்கென்று கடன் எடுக்கவில்லை.

சகோதரிகளே, நத்தாரானாலும் பொங்கலானாலும் பெருநாளானாலும் முதலில் ஒரு தொகையைத் தீர்மானியுங்கள். பிறகு வளவைச் சுற்றிப் பாருங்கள். பிள்ளைகளையும் வேலையில் சேருங்கள். நல்ல காரியத்துக்கு முன்னுக்கு வராதே என்று யாரும் சொன்னால் அதைக் கேட்டு ஒதுங்கி நிற்காதீர்கள். உங்கள் வீட்டு மேசையின் விளக்கை நீங்களே ஏற்றுங்கள்.