புகாரே வராத சரக்கு: ஆணுறை கொள்முதலிலும் விற்பனையிலும் கவனிக்க வேண்டியவை

அரிசியில் கல் கிடந்தால் வாடிக்கையாளர் மறுநாள் காலையிலேயே பையோடு வந்து நிற்பார். நல்லெண்ணெயில் சிக்கு வாடை அடித்தால் தெருவே கேட்கும்படி சொல்லிக் காட்டுவார். பேட்டரி இரண்டு நாளில் தீர்ந்தால் கல்லாவின் மேல் தூக்கி வைத்துவிட்டு வேறு கேட்பார். இவையெல்லாம் நமக்குச் சங்கடம்தான் என்றாலும், ஒரு வகையில் நம்மைக் காப்பவையும் இவையே. எந்தச் சரக்கு சரியில்லை என்று வாடிக்கையாளர் சொல்லித்தானே நமக்குத் தெரிகிறது!

ஆனால் நம் கடைகளில் ஒரே ஒரு சரக்கு உண்டு. அது காலாவதி ஆகியிருந்தாலும், வெயிலில் வெந்து போயிருந்தாலும், பயன்படுத்தும்போதே கிழிந்து போனாலும், வாங்கியவர் திரும்பி வந்து ஒரு வார்த்தை கேட்கமாட்டார். வாங்கும்போதே தலையைக் குனிந்து வாங்கியவர், எந்த முகத்தோடு வந்து புகார் சொல்வார்? அந்தச் சரக்குதான் ஆணுறை. புகார் வராத சரக்கை விற்பவருக்குப் பொறுப்பு இரட்டிப்பு என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல வந்தது.

பெட்டிக்கடைக்கு வந்த கதை

ஆணுறை மருந்துக் கடைக்கு மட்டுமே உரிய பொருள் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். வரலாறு அப்படி இல்லை. 1968-ல் மத்திய அரசு 'நிரோத்' என்ற பெயரில் ஆணுறையை மலிவு விலைக்குக் கொண்டு வந்தது. மூன்று உறைகள் கொண்ட பாக்கெட் 15 காசு. தேயிலை, சோப்பு, சிகரெட், பேட்டரி விற்றுக்கொண்டிருந்த பெரிய கம்பெனிகளின் விநியோக வலை மூலமாகவே அது நாடெங்கும் போய்ச் சேர்ந்தது. அதாவது, இந்தச் சரக்கை மூலை முடுக்கெல்லாம் கொண்டு சேர்த்த பெருமையில் மளிகைக் கடைக்கும் பெட்டிக்கடைக்கும் பெரும் பங்கு உண்டு.

உற்பத்தியும் நமக்கு அந்நியமானதல்ல. ரப்பர் பால் கிடைக்கும் கேரளத்தில், 1966-ல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் லேட்டக்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம், ஜப்பானின் ஒகமோட்டோ நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் 1969-ல் திருவனந்தபுரத்தில் உற்பத்தியைத் தொடங்கியது. சென்னையை அடுத்த பல்லாவரத்திலும் தனியார் துறையில் ஆணுறைத் தொழிற்சாலை இயங்கி வந்தது.

1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் அவர்களின் முயற்சியில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் கண்டறியப்பட்டன. அதுவரை பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போடும் சாதனமாக மட்டும் கருதப்பட்ட ஆணுறை, அன்றிலிருந்து உயிர் காக்கும் சாதனமும் ஆயிற்று. 1994-ல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்தது. பின்னாளில் "புலிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்ற விளம்பரம் சுவரெங்கும் நின்று, பேசக் கூச்சப்பட்ட விஷயத்தை டீக்கடை வரை பேச வைத்ததை யாரும் மறந்திருக்க முடியாது.

இடையில் 1991-ல் இன்னொரு திருப்பம். 'காமசூத்ரா' என்ற பெயரில் வந்த ஆணுறை, குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றிப் பேசாமல் தம்பதியரின் இன்பத்தைப் பற்றிப் பேசி விளம்பரம் செய்தது. முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனால் இன்று நம் அலமாரியில் புள்ளி, வரி, மெல்லியது, வாசனை என்று இத்தனை வகைகள் அடுக்கி நிற்பதற்கு அந்தத் திருப்பமும் ஒரு காரணம். வகைகள் பெருகியபோது குழப்பமும் பெருகியது. வாடிக்கையாளர் கேட்க மாட்டார். ஆகவே நாமாவது தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

வகை தெரிந்து வாங்குவோம்

சாதா ரகம்: வழுவழுப்பான பரப்பு, சிலிகான் எண்ணெய் தடவியது. விலை குறைவு. எந்தக் கடையிலும் தீராமல் இருக்க வேண்டியது இதுவே.

மெல்லிய ரகம்: சாதா உறையின் கனம் சுமார் 0.07 மில்லிமீட்டர் என்றால், மெல்லிய ரகம் சுமார் 0.05 மில்லிமீட்டரும் அதற்குக் கீழும் வரும். "மெல்லியது என்றால் சீக்கிரம் கிழியுமே" என்ற பயம் பலருக்கு உண்டு. தரச் சோதனைகளைத் தாண்டி வந்த மெல்லிய உறை, முறையாகப் பயன்படுத்தினால் சாதா உறையைப் போன்றே பாதுகாப்பானது.

புள்ளி, வரி ரகம்: மேற்பரப்பில் சிறு புள்ளிகளோ வளையங்களோ எழும்பியிருக்கும். இது இன்பத்துக்காக மட்டுமே. பாதுகாப்பு இதனால் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. விலை கூடுதல் என்பதால் தரமும் கூடுதல் என்று எண்ணிப் பரிந்துரைப்பது தவறு.

வாசனை, சுவை ரகம்: ஸ்ட்ராபெரி, சாக்லேட், காபி என்று பலவும் வருகின்றன. இதைப் பெரும் எண்ணிக்கையில் வாங்கிப் போடாமல், இரண்டு வாசனைகளை மட்டும் வைத்து, தீரத் தீர எடுப்பது நல்லது. சிலருக்கு வாசனைப் பொருள் ஒத்துக்கொள்ளாது, எரிச்சல் தரும்.

நேரம் நீட்டிக்கும் ரகம்: இதன் உட்புறத்தில் பென்சோகெயின் என்ற மரத்துப்போகச் செய்யும் மருந்து தடவப்பட்டிருக்கும். இது விளையாட்டுச் சரக்கல்ல. சிலருக்கு ஒவ்வாமை உண்டாக்கும். அட்டையில் இந்த மருந்தின் பெயர் அச்சிட்டிருக்கும். நாமும் நம் கடைப் பையன்களும் அதைப் படித்து வைத்திருக்க வேண்டும்.

விந்தணுக்கொல்லி தடவிய ரகம்: நோனாக்சினால்-9 என்ற ரசாயனம் சேர்த்தது. இதனால் கூடுதல் பாதுகாப்பு கிடைப்பதற்கு ஆதாரம் இல்லை என்றும், அடிக்கடி பயன்படுத்தினால் உள்தோலில் புண் ஏற்பட்டு எச்.ஐ.வி. தொற்றுக்கு வழி திறக்கக்கூடும் என்றும் உலக சுகாதார நிறுவனம் எச்சரித்திருக்கிறது. இதை எடுக்காமல் விடுவதே நலம்.

ரப்பர் அல்லாத ரகம்: சிலருக்கு இயற்கை ரப்பர் ஒத்துக்கொள்ளாது; அரிப்பும் தடிப்பும் வரும். பாலியூரித்தேன், பாலியைசோப்ரீன் போன்ற பொருள்களில் செய்த உறைகள் அவர்களுக்கு உதவும். விலை அதிகம், கேட்பவர் குறைவு. நகரக் கடைகளில் ஓரிரு பாக்கெட் இருந்தால் போதும்.

அளவு விஷயத்தில் பலரும் கவனம் வைப்பதில்லை. உறையைத் தட்டையாக வைத்து அளந்த அகலம் பாக்கெட்டில் மில்லிமீட்டரில் போட்டிருக்கும். 53 அல்லது அதையொட்டிய அளவே பரவலாக விற்பது. 49 போன்ற சிறிய அளவும், 56 போன்ற பெரிய அளவும் உண்டு. இறுக்கமாக இருந்தால் கிழியும். தளர்வாக இருந்தால் கழன்றுவிடும். செருப்புக் கடைக்காரர் ஒரே அளவை வைத்துக்கொண்டு கடை நடத்துவதில்லை அல்லவா?

வெயிலே முதல் எதிரி

தொழிற்சாலையில் ஒவ்வொரு உறையையும் உலோக அச்சில் மாட்டி, மின்சாரம் செலுத்தி, ஊசிமுனை ஓட்டை உள்ளதா என்று சோதிக்கிறார்கள். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து நீர் நிரப்பியும், காற்றடைத்து வெடிக்கும் வரை ஊதியும் பார்க்கிறார்கள். இத்தனை சோதனைகளையும் தாண்டி வந்த சரக்கை, அக்னி நட்சத்திரத்தில் தகரக் கூரை குடோனின் மேல் அடுக்கில் போட்டு வைத்தால் என்ன ஆகும்? ரப்பர் வெப்பத்தாலும் வெளிச்சத்தாலும் நாள்பட இறுகி வலுவிழக்கும். வெளியே பார்த்தால் அட்டை புத்தம் புதிதாகவே இருக்கும்.

எனவே குடோனில் காற்றோட்டமான, குளிர்ந்த, தரையோடு ஒட்டாத கீழ்த் தட்டே இதற்கு இடம். மோட்டார், ஜெனரேட்டர் ஓடும் இடத்துக்கு அருகே வேண்டாம். அவற்றிலிருந்து எழும் ஓசோன் வாயுவும் ரப்பரைக் கெடுக்கும். எண்ணெய் டின்னோடும் மண்ணெண்ணெயோடும் சேர்த்து வைக்கக் கூடாது. பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாக வெயில்படத் தொங்கவிடுவதும் கூடாது. நிழல்படும் பக்கத்தில் தொங்கவிட்டாலும் வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியத்தான் செய்யும்.

சர்வதேசத் தர விதிப்படி ஆணுறையின் ஆயுள் தயாரித்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. ஆகவே முதலில் வந்தது முதலில் போக வேண்டும். புதுச் சரக்கு வந்ததும் பழையதை முன்னே தள்ளி, புதியதைப் பின்னே அடுக்க வேண்டும். "பத்துக்கு இரண்டு இலவசம்" என்று ஸ்கீம் வரும்போது, முதலில் தேதியைப் பார்த்துவிட்டுப் பிறகு கணக்குப் போடுவோம். காலாவதியை நெருங்கிய சரக்கைத் தள்ளிவிடவும் இப்படிப்பட்ட ஸ்கீம்கள் வருவதுண்டு என்பது மொத்த வியாபாரத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கொள்முதலை அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரிடம், பில்லோடு மட்டும் வைத்துக்கொள்வோம். பாட்ச் எண், தயாரிப்பு தேதி, காலாவதித் தேதி, உற்பத்தி உரிம எண், அதிகபட்ச விலை ஆகிய ஐந்தும் தெளிவாக அச்சாகியிருக்க வேண்டும். ஆணுறைக்கு ஜி.எஸ்.டி. வரி கிடையாது, பில்லில் வரி போட்டு வந்தால் கேள்வி கேளுங்கள். அரசு இலவசமாக வழங்கும் உறைகளை யாராவது மலிவாகக் கொண்டு வந்து நீட்டினால் வாசலோடு திருப்பி அனுப்புங்கள். அது ஏழையின் பங்கு.

சொல்லிக் கொடுக்க வேண்டிய நான்கு

முறையாக, ஒவ்வொரு தடவையும் பயன்படுத்தினால், ஆணுறையை நம்பும் 100 தம்பதியரில் ஓராண்டில் இரண்டு பேருக்கு மட்டுமே எதிர்பாராத கருத்தரிப்பு நேர்கிறது. நடைமுறையிலோ அது 13 பேராக உயர்கிறது. அந்த இடைவெளிக்குப் பெரும்பாலும் காரணம் பழக்கக் கோளாறுகளே. வாடிக்கையாளர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், ஒரு சிறு அட்டையில் நான்கு விஷயங்களை எழுதி அலமாரியில் ஒட்டி வைக்கலாம்.

ஒன்று, தேங்காய் எண்ணெய், வாசலின், குழந்தைகளுக்கான எண்ணெய் எதுவும் ரப்பர் உறையோடு சேரக் கூடாது. சில நிமிடங்களிலேயே உறை பலவீனமாகும். வேண்டுமானால் நீரில் கரையும் ஜெல்லைப் பயன்படுத்தலாம். இரண்டு, கூடுதல் பாதுகாப்பு என்று எண்ணி ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு உறை போடக் கூடாது, உரசிக் கிழியும். மூன்று, பர்ஸில் மாதக்கணக்கில் வைத்திருந்ததைப் பயன்படுத்தக் கூடாது. நான்கு, பல்லாலோ கத்தரியாலோ உறையைப் பிரிக்கக் கூடாது.

விற்கும் விதம்

பல கடைகளில் இந்தச் சரக்கைக் கல்லாவுக்குப் பின்னால், கேட்டால்தான் எடுத்துத் தரும் இடத்தில் வைத்திருக்கிறோம். கேட்பவருக்கு எத்தனை சங்கடம்! பக்கத்தில் தெரிந்தவர் நின்றால் தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். கடைப் பையன் "எந்த வாசனைண்ணே?" என்று உரக்கக் கேட்டுவிட்டால் அந்த வாடிக்கையாளர் ஆயுளுக்கும் நம் படி ஏறமாட்டார். பெண்கள் வந்து கேட்டால் பார்வையே வேறாகிவிடுகிறது. இது நம் தொழிலுக்கு அழகல்ல.

இன்று பத்து நிமிடத்தில் வீட்டு வாசலுக்கே கொண்டு வந்து தரும் செயலிக் கம்பெனிகள் இந்தச் சரக்கை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டு போகின்றன. விலை குறைவு என்பதற்காக மட்டும் மக்கள் அங்கே போகவில்லை. அங்கே யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதற்காகவும் போகிறார்கள். அந்த மரியாதையை நம்மாலும் தர முடியும். அவரவரே எடுத்துக்கொள்ளும்படி பற்பசை, ஷேவிங் பிளேடு அடுக்கின் அருகே வையுங்கள். விலை தெரியும்படி எழுதுங்கள். பில் போடும்போது பெயரை வாய்விட்டுச் சொல்லாதீர்கள். காகித உறையில் போட்டு, மற்றச் சரக்கைக் கொடுப்பது போலவே கொடுங்கள். பற்று வரவு வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இதை நோட்டில் எழுத வேண்டாம், ரொக்கமாகவே முடித்துக்கொள்ளுங்கள். யார் வாங்கினார்கள் என்பது கடைக்கு வெளியே போகவே கூடாது. வைத்தியரிடம் சொன்னது வெளியே போகாது என்ற நம்பிக்கை எப்படியோ, அப்படி.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் திருமணமான பெண்களில் 37.9 சதவீதத்தினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆணுறையை நம்பியிருப்போர் 9.5 சதவீதம் மட்டுமே. சுமை எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லும். கத்தி வைக்காமல், மாத்திரை விழுங்காமல் ஓர் ஆண் ஏற்கக்கூடிய பொறுப்பு, சில ரூபாய்க்கு நம் கடையில் கிடைக்கிறது. அதைக் கேட்டு வாங்கும் ஆண் நல்ல காரியம் செய்கிறார். அவரைக் குற்றவாளியைப் போல் நாம் நடத்தலாமா?

லாபக் கணக்கிலும் இது மோசமான சரக்கல்ல. இடம் குறைவு, எடை இல்லை, எலி தின்னாது, தினமும் ஓடும். ஆனால் லாபத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. கெட்டுப்போன பிஸ்கட்டால் ஒருவருக்கு வயிற்று வலி வரலாம். கெட்டுப்போன ஆணுறையால் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தே மாறலாம். அவர்கள் நம்மிடம் வந்து கேட்கவும் மாட்டார்கள். அதனால்தான் கேட்காமலேயே நாம் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சங்க உறுப்பினர்கள் இந்த இதழை மடித்து வைத்ததும், அலமாரியின் அந்த ஒரு பெட்டியை மட்டும் கீழே இறக்கி, தேதியைப் பாருங்கள். காலாவதி ஆனது ஒன்று இருந்தாலும் கணக்குப் பார்க்காமல் கழித்துவிடுங்கள்.